ஆணிக்கு நாலு விரல் கீழே

கம்பெனி அட்டையின் பின்புறம்
பொடி எழுத்தில் ஒரு பட்டியல்.
பிசியோவுக்கு ஒரே ஒரு பெயர். ஊர்: ஈப்போ.
"பேனல்லதான் போவணும்மா,
வெளிய போனா கையக் கடிக்கும்" என்றார்
ஆபீஸ் கிராணி சூசைநாதன்.
கை ஏற்கெனவே கடித்துக்கொண்டுதான் இருந்தது.

வலது தோள்.
பதினோரு வருஷம் ஆலை வாசலில்
இரும்புக் கொக்கியால் செம்பனைக் குலை புரட்டி
பழம், காய், அழுகல் என்று
தரம் பிரித்த தோள்.
இப்போது அதையே தரம் பிரித்திருக்கிறார்கள்:
பாதிக் கிழிசல். படிவத்தில் 'மிதம்'.

ஊத்தான் மெலிந்தாங்கில் ஆறு மணி பஸ்.
தெலுக் இந்தானில் இறங்கி இன்னொன்று.
ஈப்போவில் குளிர்ந்த அறை, திரை போட்ட ஆறு கட்டில்.
போனமுறை பார்த்த பிள்ளை இந்தமுறை இல்லை.
புதிதாய் வந்தவன் முதலிலிருந்து கேட்டான்,
சுடுபையைத் தோளில் வைத்தான்,
அடுத்த திரைக்குள் போனான்.
இருபது நிமிஷத்தில் மணி அடித்தது,
குக்கரில் சோறு வெந்ததுபோல.
கையெழுத்துப் போட்டேன். காசு கேட்கவில்லை.

நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது,
ஆ சியோங் இரும்புக்கடைக்கு மேல்மாடியில்.
பலகையில் நூருல் ஹஸ்னா என்று பேர்.
பட்டியலில் இல்லாத பேர்.
சும்மா விசாரிக்கத்தான் ஏறினேன்.
அவள் கட்டிலைக் காட்டவில்லை.
மூலையிலிருந்த துடைப்பக் கட்டையை எடுத்துக் கொடுத்து
குலை எப்படிப் புரட்டுவேன், செய்து காட்டு என்றாள் மலாயில்.
மூன்றாவது புரட்டலில் நிறுத்தினாள்.
"எல்லாத்தையும் தோள் செய்யுது அக்கா,
இடுப்பு சும்மா நின்னு வேடிக்கை பாக்குது."
இத்தனை வருஷத்தில் என் இடுப்பைப் பற்றி
இவ்வளவு ஒழுக்கமாக யாரும் பேசியதில்லை.
எண்பது வெள்ளி.

இரவு, கரண்டு பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
பேனல்: ஒன்றுமில்லை.
பஸ், போக வர இருபத்திரண்டு.
ஒரு தட்டுச் சோறும் தே ஓவும் ஒன்பது.
வேலைக்கு வராத நாள் அறுபத்தைந்து.
மாடிப்படி: எண்பது,
மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் வந்துவிடலாம்.
இலவசம்
பதினாறு வெள்ளி அதிகம்.

ஆனால் சூசைநாதன் இன்னொன்றும் சொன்னார்.
நாளைக்குக் கை வராமலே போய்
நஷ்டஈடு கேட்டு நின்றால்
பேனல் காகிதம்தான் பேசுமாம்.
வெளியே பார்த்த வைத்தியம்
செருப்பு மாதிரி வெளியேதான் கிடக்குமாம்.
அது சட்டமா, அவர் பயமா,
கேட்கத் தைரியமில்லை.

வீட்டுக்காரரைக் கேட்டேன்.
டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல்
"கோடாலித் தைலம் போட்டு நீவு" என்றார்.
அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆகவே இப்படி:
மாதம் ஒருமுறை ஈப்போ, காகிதத்துக்கு.
செவ்வாய்தோறும் மாடி, கைக்கு.
தீபாவளிக்கென்று கட்டிய சீட்டுப் பணம்
படிப்படியாய் மேலே ஏறுகிறது.
ஹஸ்னா எழுபதாகக் குறைத்தாள், நான் கேட்காமலே.
சின்ன வீடு வைத்த ஆம்பிளைபோல
இறங்கும்போது தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறேன்.
ரசீதுகள் அரிசி டின்னில்.

சன்னல் கம்பியில் மஞ்சள் ரப்பர் பட்டை கட்டியிருக்கிறது.
தினமும் விரல்களைக் குசினிச் சுவரில் நடக்கவிட்டு
எட்டிய இடத்தில் பென்சில் கோடு.
முதல் கோடு சுவிட்சுக்குப் பக்கத்தில்.
நேற்றையது
காலண்டர் ஆணிக்கு நாலு விரல் கீழே.

ஈப்போக்காரன் போன வாரம்
படிவத்தில் எழுதினான்: 'முன்னேற்றம் திருப்தி.'
எழுதட்டும், கையெழுத்து அழகாக இருக்கிறது.

இன்று காலை கொண்டை போட
இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் தூக்கினேன்.
ஒரு சுற்று வந்தது.
அடுத்த சுற்றில் வலது கை இறங்கிவிட்டது.
மீதியை இடது கை முடித்தது,
கோணலாக.
அப்படியே வேலைக்குப் போனேன்.